கையை எடுங்க

"மவுஸ்ல இருந்து கையை எடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

இதைச் சொல்லித்தான் மேகலா இத்தனை வருஷமாகச் சோறு தின்கிறாள். கோயம்புத்தூரில் சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் நான்காவது மாடி, அங்கே ஜன்னல் இல்லாத பக்கத்தில் ஒரு நாற்காலி. கம்ப்யூட்டர் கெட்டுப்போனவர்கள் கூப்பிடுவார்கள். இவள் 'அண்மை' என்ற மென்பொருள் வழியாக அவர்கள் திரைக்குள் நுழைவாள். அவர்கள் அவிநாசியில் உட்கார்ந்திருக்க, இவள் இங்கிருந்தே அவர்களுடைய அம்புக்குறியை நகர்த்திக் கோளாறைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

இதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. நம் ஆட்கள் மவுஸை விடமாட்டார்கள். இவள் இடப்பக்கம் இழுப்பாள், அவர் வலப்பக்கம் இழுப்பார், அம்புக்குறி நடுவில் கிடந்து நடுங்கும். அதனால்தான் அந்த வாக்கியம். எவ்வளவு பெரிய மில் முதலாளியாக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டதும் பெட்டிப்பாம்பாகக் கையை எடுத்துவிடுவார்.

கையை எடுத்த பிறகு இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பாள். உள்ளே வரும்போதெல்லாம் திரையில் ஒரு பெட்டி தோன்றி 'அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்கும். அதன் அடியில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள், 'இனிமேல் கேட்க வேண்டாம்' என்று. அதில் ஒரு டிக் போட்டுவிடுங்கள், அடுத்த முறை நானே வந்துகொள்வேன், உங்களுக்குச் சிரமம் இல்லை என்பாள். எல்லோரும் போட்டார்கள், நன்றியும் சொன்னார்கள். மில், பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் என்று மாவட்டத்தில் பாதிப்பேர் அந்த டிக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான்.

அம்புக்குறியைத் தூரத்திலிருந்து நகர்த்த முடியுமென்றால் மனிதனின் கையை ஏன் நகர்த்தக் கூடாது என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியது நல்ல எண்ணத்தில்தான். பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்காக ஓர் உறை செய்தார்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாட்டிக்கொள்ள வேண்டும், உள்ளே தசையை இழுக்கிற மெல்லிய பட்டைகள் ஓடும். மருத்துவர் தன் இடத்திலிருந்து கையை மடக்கினால் நோயாளியின் கையும் மடங்கும். அதற்குக் கைக்கூடு என்று பெயர். ஆஸ்பத்திரியோடு அது நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை.

அது திருப்பூருக்குப் போனது. பனியன் கம்பெனிகளில் நல்ல கட்டிங் மாஸ்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரே ஒரு மாஸ்டர் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து துணியை வெட்டினால் பன்னிரண்டு மேசைகளில் பன்னிரண்டு பெண்கள் கூட்டை மாட்டிக்கொண்டு அதே வெட்டை வெட்டுவார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கூட்டை விற்றது மேகலாவின் நிறுவனம்தான், பழைய 'அண்மை' மென்பொருளையே எடுத்துத் தட்டிக் கொட்டி அதற்குள் வைத்தார்கள். 'அனுமதிக்கிறீர்களா?' பெட்டிக்குப் பதிலாகக் கட்டைவிரலுக்கடியில் ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் கை மாஸ்டருடையது. விரலைத் தூக்கினால் அந்த நொடியே கை உங்களுடையது. பாதுகாப்புக்கு இதைவிட என்ன வேண்டும் என்று விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள்.

ஒருநாள் காலை மேகலாவின் திரையில் வந்த புகார் ஒரே வரி. 'கை விடவில்லை. இடது கையில் மூன்று விரல் போயிற்று.' அதைப் பதிவு செய்த யாரோ ஒரு புண்ணியவான், வகை என்ற இடத்தில் 'சாதனக் கோளாறு, சாதாரணம்' என்று போட்டிருந்தான். மூன்று விரல் போனது சாதாரணமாம். மேகலாவுக்கு அங்கேயே சுருக்கென்றது.

இந்த மாதிரி விபத்தில் ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்த்து, தன் பெயரில் அறிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம். கூட்டுக்குள் இருக்கும் கருவிக்குப் பொத்தான் அழுந்தியிருந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். ஏன் அழுந்தியிருந்தது என்று அதற்குத் தெரியாது. மேகலாவின் மேலாளர் கிஷோர் அவளைவிட எட்டு வயது சின்னவன். நல்ல சட்டை போடுவான், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டான். பொத்தான் அழுந்தித்தான் இருந்திருக்கிறது, கோளாறு ஒன்றும் இல்லை, சும்மா போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தான்.

கம்பெனியின் பெயர் வளர்பிறை நிட்ஸ். கட்டிங் பகுதியில் பன்னிரண்டு மேசைகள், ஒவ்வொன்றிலும் முழங்கை உயரத்துக்குத் துணி அடுக்கு. ஏழாவது மேசையை மட்டும் கழுவி விட்டிருந்தார்கள். அதில் அன்று வேலை நடக்கவில்லை, மற்ற பதினொன்றில் நடந்துகொண்டிருந்தது. பதினொரு வலது கைகள் ஒரே நேரத்தில் கத்தி இயந்திரத்தைத் தள்ளின, ஒரே நேரத்தில் வளைத்தன, ஒரே நேரத்தில் நின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரிகள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள், அவள் கை அதுபாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது.

மேகலா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டைவிரலையும் பச்சைப் பொத்தானோடு சேர்த்து வெள்ளை எலாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஜட்டி இடுப்புக்குத் தைக்கிற எலாஸ்டிக். அந்தக் கம்பெனியில் அது கால் வைக்கிற இடமெல்லாம் கிடந்தது.

ஆறாவது மேசையில் இருந்தவள் பெயர் பிரமிளா. சாப்பாட்டு நேரத்தில் கூட்டைக் கழற்றியதும் மேகலா அவளைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் கூட்டிப்போய்க் கேட்டாள். முதலில் வாயே திறக்கவில்லை. இவள் ஆபீஸ் ஆள்தானே, போட்டுக் கொடுத்துவிடுவாள் என்ற பயம். மேகலா தன் பையிலிருந்த சாப்பாட்டைப் பிரித்து, நீயும் சாப்பிடு என்று பாதியைத் தள்ளி வைத்தபிறகுதான் பேச்சு வந்தது.

"வெரலு வலிச்சா தன்னால தூக்கிருவோமுங்க. தூக்குனா கூடு நின்னு போயிரும். ஒருத்தி கூடு நின்னா பன்னெண்டு மேசையும் நிக்கும், அப்படித்தான் வெச்சிருக்கறாங்க. நின்னா சூப்பர்வைசர் வருவாரு. யாருடி நிறுத்துனதுன்னு கேப்பாரு. அதுக்குத்தான் கட்டிக்கறதுங்க."

"யார் கட்டச் சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்க. ஆனா எலாஸ்டிக்கை அளவா வெட்டி, காலைல மேசை மேல வெச்சிருப்பாங்க."

தன் கட்டைவிரலில் தானே ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது. ஆகவே காலையில் வந்ததும் பக்கத்து மேசைக்காரிக்கு இவள் கட்டுவாள், இவளுக்கு அவள் கட்டுவாள். ஒருத்தி தலைக்கு ஒருத்தி பூ வைத்துவிடுகிற பழக்கம்தான், பூவுக்குப் பதில் எலாஸ்டிக். விரல் போன ஏழாவது மேசை அம்சவேணிக்கு விபத்தன்று காலையில் கட்டியது யார் என்று மேகலா கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் பிரமிளாவின் கண் நிறைந்துவிட்டது.

அம்சவேணி ஊத்துக்குளி சாலையில் ஒரு லைன் வீட்டில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். இடது கையில் பெரிய கட்டு, மடியில் ஒரு தலையணை, அதன்மேல் அந்தக் கையைக் கைக்குழந்தையை வைப்பது போல் வைத்திருந்தாள். அழவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னதும் நேராகச் சொன்னாள். துணி அடுக்கு நழுவியது. நழுவினால் இடது கையால் இழுத்துச் சரிசெய்வது வழக்கம். அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ இருக்கிற மாஸ்டர் வளைவில் திரும்பினார். அவருடைய மேசையில் துணி நழுவவில்லையே, அவருக்கென்ன தெரியும்? இங்கே கத்தி வளைந்து வந்தது.

"வர்றது தெரியுதுங்க. நில்லு நில்லுன்னு என் கையைப் பாத்து நானே கத்தறேன். அது கேக்கலீங்க மேடம். என்ற கை, என்ற பேச்சைக் கேக்கலை."

மேகலா கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்டாள். பொத்தானைக் கட்டியது யார் என்று விசாரணையில் கேட்பார்கள், என்ன சொல்லப் போகிறீர்கள்?

அம்சவேணியிடம் கம்பெனி ஆட்கள் ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டியவள் பெயரைச் சொன்னால் பழியெல்லாம் அவள்மேல் போய்விடும், போலீஸ் கேஸ் ஆகும், உனக்கு ஏதாவது செய்யலாம் என்றார்களாம். பெயரைச் சொல்லாவிட்டால் நீயே சம்மதித்துக் கட்டிக்கொண்டதாக எழுதிவிடுவோம், அப்புறம் உன் விரலை வெட்டியது நீதான் என்றாகிவிடும் என்றார்களாம். இவள் வாயிலிருந்து ஒரு பெயர் விழுந்தால் பிரமிளா போவாள், விழாவிட்டால் இவள் போவாள். இரண்டில் எது நடந்தாலும் கூட்டை விற்றவனுக்கும் எலாஸ்டிக்கை வெட்டி வைத்தவனுக்கும் ஒரு கீறல்கூட விழாது.

"நான் பேரு சொல்ல மாட்டேனுங்க" என்றாள் அம்சவேணி. "அன்னைக்குக் காலைல நானுந்தானே அவளுக்குக் கட்டி விட்டேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மேகலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, எல்லார் முகமும் பளிச்சென்று தெரிந்தது. கட்ட முடிகிற மாதிரி ஒரு பொத்தானைச் செய்துவிட்டு, ஒருத்தி நின்றால் பன்னிரண்டும் நிற்கும் என்று அமைத்துவிட்டு, எலாஸ்டிக்கையும் வெட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் 'அனுமதி இருந்தது' என்கிறார்கள். தண்ணீருக்குள் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாதது அவன் விருப்பம் என்று சொல்கிற யோக்கியர்கள்.

மறுநாள் உட்கார்ந்து அறிக்கையை எழுதினாள். பார்த்தது எதையும் விடவில்லை. பிரமிளாவின் பெயர் மட்டும் அதில் இல்லை. கட்டுவது அங்கே எல்லாரும் எல்லாருக்கும் செய்கிற வேலை, செய்ய வைத்தது இந்த அமைப்பு, பொத்தானைக் கட்டினால் உடனே கண்டுபிடிக்கிற வழி நம்மிடம் இருந்தும் நாம் வைக்கவில்லை, ஆகவே பொறுப்பு நம் நிறுவனத்துடையது என்று முடித்தாள். கிஷோர் அதை முழுக்கப் படித்தான். முகம் மாறவே இல்லை.

"மேகலா, உங்க ஃபீலிங்க்ஸ் புரியுது. ஆனா இது அறிக்கை, கட்டுரை இல்ல. பயனர் தவறுன்னு ஒரு வரி போதும்."

"அந்தப் பொண்ணோட கை அவ பேச்சைக் கேக்கல கிஷோர். அதை எப்படிப் பயனர் தவறுன்னு எழுதறது?"

அவன் சிரித்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். யோசிக்க ஒன்றுமில்லை. மேகலா தன் இடத்துக்கு வந்து அறிக்கையைத் திறந்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, அனுப்பு என்ற பொத்தானை நோக்கி அம்புக்குறியைக் கொண்டு போனாள்.

அம்புக்குறி வேறு பக்கம் போனது.

ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. மறு நொடி அவள் செய்த காரியத்தைத்தான் பிற்பாடு எத்தனை முறை நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றும். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவளுடைய சொந்தக் கைக்கே அது பழகிப் போயிருந்தது. தானாக நகர்ந்தால் மரியாதையாக விலகிக்கொள்ள வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்புக்குறி அறிக்கையின் மேலிருந்து கீழ்வரை ஓடியது. எழுதியதெல்லாம் நீலமாகி, பிறகு இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் ஒரு வரி வந்தது. 'சாதனத்தில் கோளாறு இல்லை. பயனர் தவறு.' அடியில் அவள் பெயர், பதவி, கையொப்பம். அவள் பாய்ந்து மவுஸைப் பிடிப்பதற்குள் அறிக்கை போயே போய்விட்டது.

கிஷோரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். அவன் டீக் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் கம்ப்யூட்டரில் டிக் போட்டிருக்கிறீர்களே, இனிமேல் கேட்க வேண்டாம் என்று, அதனால் கேட்கவில்லை என்றான். அவன் சொன்னதில் பொய்யே இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அவள் தன் கட்டைவிரலில் தானே எலாஸ்டிக் கட்டிக்கொண்டவள், மாவட்டத்தில் பாதிப்பேருக்குப் போனிலேயே கட்டி விட்டவளும் அவள்தான். அவன் மேசைமேல் இருந்ததையெல்லாம் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. விசாரணைக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நஷ்டஈட்டு விசாரணை அதிகாரியின் பெயர் அர்த்தநாரி. ஓய்வுக்குக் கிட்டத்தில் இருக்கிறவர். அறை சின்னது. அவர் மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், எதிர்ச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பெரிய திரை. உத்தரவை அவர் தட்டச்சு செய்யச் செய்ய இரு தரப்பும் அதைத் திரையில் படிக்கலாம். முன்வரிசையில் அம்சவேணி, கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. அடுத்த பக்கம் கிஷோரும் நிறுவனத்தின் வக்கீலும். பின்னால் சுவரோரமாகப் பிரமிளா நின்றிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தாள்.

வக்கீல் மேகலாவின் பெயரில் இருந்த அறிக்கையைப் படித்தார். ஒரே வரி என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. மேகலா எழுந்து, கையொப்பம் என் பெயரில் இருக்கிறது, ஆனால் எழுதியது நான் இல்லை, என் திரைக்குள் புகுந்து மாற்றிவிட்டார்கள் என்றாள். வக்கீல் அதற்கும் தயாராக வந்திருந்தார். அவள் கம்ப்யூட்டரின் திரைப்பதிவையும் அதன் கேமராவில் பதிவான படத்தையும் சுவர்த்திரையில் சேர்த்து ஓடவிட்டார். அம்புக்குறி நகர்கிறது. மேகலா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், தானே முன்வந்து கையை எடுத்திருக்கிறார், அனுமதியும் ஏற்கெனவே இருந்திருக்கிறது என்றார்.

தன் முகத்தை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு சாதுவாகப் பார்த்தபோது மேகலாவுக்கு அந்தத் திரையைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்சவேணி எழுந்துவிட்டாள்.

"ஐயா, அந்த அக்கா கையை எடுத்துக்கிட்டாங்க, அதனால அவங்க எழுதுனதுன்னு சொல்றாங்க. என்னால கையை எடுக்க முடியலீங்க, அதனால நான் வெட்டிக்கிட்டதுன்னு சொல்றாங்க. எடுத்தாலும் நம்ம தப்பு, எடுக்காட்டியும் நம்ம தப்புன்னா, நாங்க கையை வெச்சுக்கிட்டு என்னதானுங்க பண்றது?"

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாம் சரி, பொத்தானைக் கட்டியது யார் என்று இந்தப் பெண் இன்னும் சொல்லவில்லையே என்றார். அம்சவேணி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நான்தானுங்க கட்டுனேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பிரமிளா முன்னால் வந்து நின்றாள். குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. "எனக்கு அவதான் கட்டி விட்டா. தெனமும் அப்படித்தானுங்க. ஜெயிலுக்குப் போறதுன்னா எங்க பன்னெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. எலாஸ்டிக்கை வெட்டி வெச்சவங்களையும் சேத்துக்கோங்க."

இப்போது வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். அர்த்தநாரி கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். யார் கட்டினார்கள் என்பது தனக்கு முக்கியமில்லை என்றார். கட்ட முடிகிற மாதிரி ஒரு பொத்தானை வைத்தது யார், கட்டாமல் இருக்க முடியாத மாதிரி ஒரு வேலையை வைத்தது யார் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, விசைப்பலகையை இழுத்து வைத்து உத்தரவைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். நிதானமாக, இரண்டே விரலால். சுவர்த்திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 'கையை இயக்கியது அம்சவேணி அல்ல. பொத்தானைக் கட்டியதற்குத் தொழிலாளிகள் பொறுப்பல்லர். பொறுப்பு முழுவதும் நிறுவனங்களையே சாரும்.'

அம்சவேணி முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். பிரமிளா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேகலா ஒரு பெருமூச்சு விட்டாள். அர்த்தநாரி கீழே இருக்கும் கையொப்பக் கட்டத்துக்குப் போவதற்காக மவுஸைத் தொட்டார்.

அம்புக்குறி கீழே போகவில்லை. மேலே போனது. 'பொறுப்பு' என்ற சொல்லில் ஆரம்பித்து அந்த வாக்கியத்தை மெல்ல நீலமாக்கிக்கொண்டே வந்தது.

அர்த்தநாரி பதறவில்லை. பழகிய காரியம் போல மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க, ரெண்டு நிமிஷம். சர்வீஸ்ல உள்ள வந்திருக்காங்க போல. இந்த மாதிரி அம்புக்குறி தானா நகந்தா கையை எடுத்துறணும். ரொம்ப வருஷம் முன்னால ஒரு அம்மா போன்ல சொல்லிக் குடுத்தாங்க. பொறுமையா, அவ்வளவு தன்மையா சொன்னாங்க."

யார் அந்த அம்மா என்று மேகலாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பிக் கிஷோரைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து, மடியில் வைத்த போனில் கட்டைவிரலை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தான்.

"சார்," என்றாள் மேகலா. இத்தனை வருஷமாகப் போனில் பேசிய அதே குரல்தான் வந்தது, அந்தத் தன்மை மட்டும் அதில் இல்லை. "மவுஸ்ல கையை வைங்க."

அர்த்தநாரி திகைத்துப் போய் அவளைப் பார்த்தார். அந்தக் குரலை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என்னம்மா என்று கேட்க வந்தவர், அவள் பார்வை போன பக்கம் பார்த்தார், கிஷோரின் மடியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தூக்கிய கையை இறக்கி மவுஸை இறுகப் பிடித்தார்.

அம்புக்குறி நடுவில் கிடந்து நடுங்கியது. ஒரு பக்கம் அவர் இழுத்தார், மறுபக்கம் வேறொருவர் இழுத்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் சுவரையும் கிஷோரின் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"யாருங்க அது?" என்றார் அர்த்தநாரி, சத்தமே போடாமல்.

கிஷோர் தலைநிமிர்ந்தான். போனின் மேல் அவன் கட்டைவிரல் நின்றது. சுவரில் அம்புக்குறியும் நின்றது.